பொம்மை ரம்பம்

எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்தைத் தவிர இன்னொரு கைவேலை வேண்டும் என்பது என் கட்சி. சிலர் தோட்டம் போடுகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். நான் மரத்தில் சின்னஞ்சிறு சாமான்கள் செய்கிறேன். எங்கள் எறையூருக்குச் சர்க்கரை ஆலை வந்தது 1970களின் பிற்பகுதியில். கரும்பு ஏற்றிக்கொண்டு வரிசை பிடித்து நின்ற மாட்டு வண்டிகளைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். இப்போது டிராக்டரும் லாரியும் வந்துவிட்டன. அந்த வண்டிகளில் ஒன்றையாவது, அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் செய்து, என் மேஜைமேல் நிறுத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசைப்படுவது சுலபம். ஒரு சக்கரத்துக்கு ஆரக்கால் பன்னிரண்டு, வட்டை ஆறு. இரண்டு சக்கரத்துக்கு இருபத்துநான்கு ஆரக்கால்கள். ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர் கனம். கைவாளால் அறுத்துப் பார்த்தேன். இருபத்துநான்கும் இருபத்துநான்கு விதமாக வந்தன. சக்கரம் நொண்டியது. சரி, மேஜையில் வைத்து அறுக்கும் சின்ன மின்சார ரம்பம் ஒன்று வாங்கிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

கைபேசியில் படம் பார்த்தே வாங்கினேன். விலை, பண்டிகைக்கு எடுக்கும் ஒரு பட்டுப் புடவையின் விலைகூட இல்லை. மோட்டாரின் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 'குழந்தைகளும் உபயோகிக்கலாம்' என்ற தோரணையில் ஒரு பையன் சிரித்துக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. மூன்றாம் நாள், நான் தள்ளிய மரத்துண்டு ரம்பத்தில் ஏறி, என்னை நோக்கியே திரும்பிப் பாய்ந்தது. அதைப் பிடிக்கப் போன இடதுகை ஆள்காட்டி விரலின் நகம் பாதி போயிற்று. பாதியோடு போயிற்றே என்று டாக்டர் என்னைப் பாராட்டினார்.

அந்த மிஷினை எங்கள் தெருத் தச்சரிடம் கொண்டு போனேன். "அண்ணே, இது எனக்கு ஆகாது. உங்கள் பையன் பழகிக்கொள்ளட்டும், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரச் சட்டத்தை விரலால் ஆட்டினார், அது ஆடியது. பிறகு சொன்னார்: "வேணாங்க ஐயா. உங்களுக்கு விரல் போனா கதை சொல்லலாம். எம்பையனுக்கு விரல் போனா கூலி போச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்தச் சாமான்களை விற்கிறவர்கள் ஒரு பெரிய பொய்யைச் சொல்கிறார்கள்: சிறியது என்றால் சாது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்ட ரம்பம் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றினால், அதன் பல் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 100 மில்லிமீட்டர் தட்டு, 7,000 சுற்று என்றால் 130-ஐத் தாண்டுகிறது. நம் ஊர்ப் பஸ் போகாத வேகம் அது! இதற்குப் 'பொம்மை' என்று பெயர் வைப்பவனைப் பாம்புக் குட்டிக்கு மண்புழு என்று பெயர் வைப்பவனோடுதான் சேர்க்க வேண்டும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? மோட்டாரின் பெருமையை முதலில் மறந்துவிடுங்கள். நாலு மில்லிமீட்டர் குச்சியை அறுக்க யானை பலம் வேண்டியதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஓரச் சட்டம். மரம் ஒட்டிக்கொண்டு போவது அதன்மேல்தான். அது ரம்பத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். பூட்டிய பிறகு ஆடக் கூடாது. பின்முனை ஒரு மயிரிழை ரம்பத்தை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் மரம் இறுகும். இறுகிய மரம் பாயும். என் நகம் போன வழி அதுதான்.

இரண்டாவது, ரம்பத்துக்குப் பின்னால் அதே கோட்டில் கத்திபோல் நிற்கும் மெல்லிய தகடு. அறுபட்ட இரு பாதியும் மறுபடி நெருங்கி ரம்பத்தைக் கவ்வாதபடி அது பிரித்து வைக்கிறது. ரம்பத் தட்டை மெல்லியதாக மாற்றினால் அந்தத் தகட்டையும் மெல்லியதாக மாற்ற வேண்டும். நான் வாங்கிய மிஷினில் தகடும் இல்லை, மேல்மூடியும் இல்லை. மேஜையின் பிளவோ கால் அங்குலம். அறுத்த குச்சிகளெல்லாம் அதற்குள் விழுந்து காணாமற்போயின.

மூன்றாவது, ரம்பத் தட்டின் கனம். இது பணக் கணக்கு. இரண்டு மில்லிமீட்டர் தடம் விடும் தட்டால், 60 மில்லிமீட்டர் பலகையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பட்டைகள் இருபதுதான் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் தட்டானால் நாற்பது. மட்டமான தட்டோடு வரும் மலிவு மிஷின் நம் மரத்தில் பாதிக்கு மேல் தூளாக்கித் தின்றுவிடுகிறது. மலிவு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ஜிம் பைர்ன்ஸ் என்பவர் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களுக்காகவே நாலு அங்குலத் தட்டுள்ள மிஷின் ஒன்றைச் செய்து தந்தார். ஓரச் சட்டத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதற்கு அளவுகோல் வைத்த திருகுகூட அதற்கு உண்டு. அவர் தம் கவனத்தையெல்லாம் வைத்தது எங்கே என்று பாருங்கள். வேகத்தில் அல்ல, நேர்மையில்.

"அதெல்லாம் விலை அதிகம் ஐயா, எங்களால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முடியாதென்றால் கைவாளும் மூலைமட்டமும் போதும். தச்சரிடம் கூலி கொடுத்து அறுத்துக்கொள்ளலாம். கெட்ட மிஷினைவிட மிஷின் இல்லாமை மேல். நாம் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவரை, தகட்டையும் மூடியையும் எடுத்துவிட்டு விலையைக் குறைக்கிறவர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்கள் குறைப்பது தகட்டின் விலையை. நாம் கொடுப்பது விரலின் விலையை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பெரிய மிஷின்களில்கூட இந்தக் கதைதான். 1999-ல் ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர், பௌதிகம் படித்த வக்கீல், விரல் பட்டவுடனே நின்றுவிடும் ரம்பத்தைக் கண்டுபிடித்தார். தட்டில் மெல்லிய மின்சாரம் ஓடும்; உடம்பு தொட்டால் அது மாறும்; ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து ஐந்து மில்லிசெகண்டுக்குள் ரம்பத்தைக் கவ்விவிடும். பெரிய கம்பெனிகளிடம் கொண்டு போனார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தாமே கம்பெனி வைத்து, 2004-ல் மிஷினை விற்க ஆரம்பித்தார். வழி தெரியாமல் அல்ல, வழி தெரிந்தும் விரல்கள் போயின.

இன்னொரு கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "மிஷின் தொட்டால் கலை போச்சு, நம் அரும்பாவூரைப் பாருங்கள்" என்பார்கள். பார்க்கத்தான் பார்க்கிறேன். நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் மாவிலும், ஒரே கட்டையிலிருந்து, உளியால் தெய்வங்களை எழுப்புகிறவர்கள் அவர்கள். அந்த உளியின் இடத்தை எந்த மிஷினும் பிடிக்க வேண்டாம். ஆனால் பலகையை அளவாக அறுப்பது வேறு, முகத்தில் சிரிப்பைச் செதுக்குவது வேறு. முதல் வேலையில் முதுகு ஒடிந்தால்தான் இரண்டாவது கலையாகும் என்பது, வேலை செய்யாதவர்களின் ரசனை. அறுக்கிற பாட்டை மிஷின் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் விரலை வாங்கிக்கொள்ளக் கூடாது.

என் வண்டி இன்னும் முடியவில்லை. ஆரக்கால்களைத் தச்சர் அறுத்துக் கொடுத்தார். இருபத்துநான்கும் ஒன்றுபோல் இருக்கின்றன. நல்ல மிஷினுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கினால் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். அவர் ஓரச் சட்டத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். அது ஆடாமல் இருந்தால், அவருடைய பையனுக்கும் பழகக் கொடுப்பேன்.

பழையது பரண்மேல் கிடக்கிறது. யாருக்கும் விற்க மனம் வரவில்லை.