குருவிச்சையும் வந்தாவும்

மாரி முடிந்ததும் வளவைத் துப்புரவு செய்வது நம் ஊர்களின் வழக்கம். அவ்வேளை மாமரத்திற் படர்ந்த குருவிச்சையைக் கொக்கச்சத்தகத்தால் இழுத்து வீழ்த்துவர். நல்ல காரியந்தான். ஆயின், சென்ற தை மாதத்தில் அயல் வளவொன்றிலே, அவ்வாறு வீழ்த்திய குவியலின் நடுவே வந்தா ஓக்கிட் ஒன்றும் வேரறுந்து கிடக்கக் கண்டேன். முன்னொரு காலத்தில் வன்னியிலிருந்து யாரோ ஆசையோடு கொணர்ந்து அம்மரத்திற் கட்டியது அது. “இரண்டும் மரத்தை உறிஞ்சுகிறவைதானே, மாஸ்ரர்!” என்றார் வேலை செய்தவர். அவரை நொந்து பயனில்லை. படித்தவர்களிற் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

இப்பிழை மிகப் பழையது. ‘வந்தா’ என்னும் வடசொல்லே மரங்களில் முளைக்கும் ஒட்டுண்ணிகளைக் குறித்து வழங்கியது. சேர் வில்லியம் யோன்ஸ் அச்சொல்லை இந்த ஓக்கிட்டுக்குச் சூட்டினார். குற்றமற்ற செடியொன்று கள்வனின் பெயரைத் தாவரவியலாரின் ஏட்டிலும் சுமந்து நிற்கின்றது.

உண்மையில் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. குருவி தின்று கழித்த பசையுள்ள விதை கிளையில் ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து முளைக்கும் குருவிச்சை, மரப்பட்டையைத் துளைத்து உள்ளே புகுந்து, நீரையும் உப்புக்களையும் கவர்ந்துகொள்கிறது. அதன் இலைகள் பச்சையாதலின் வெல்லத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். எனவே அது அரைக் கள்வன் எனலாம். வந்தாவோ பட்டையைப் பற்றி நிற்பதன்றி உட்புகுவதில்லை. அதன் வேரைப் பஞ்சு போன்ற வெண்ணிறப் போர்வையொன்று மூடியுள்ளது. மழைத்துளி பட்டதும் அது நீரை உறிஞ்சிப் பச்சை நிறங்கொள்ளும். தூசியிலும் உக்கிய சருகிலும் மழைநீரிலும் கலந்துள்ள உப்புக்களே அதன் உணவு. பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவிலே திறந்து கரியமில வாயுவை ஏற்கும் இயல்பும் அதற்குண்டு. மழையற்ற சோளகக் காலத்தை அது தாங்கி நிற்பது இதனாலேயாம்.

ஒட்டுண்ணி, மேலொட்டி என்னும் இரு சொற்களையும் நம் மாணவர் பரீட்சைக்கு மனனஞ் செய்கின்றனர். வளவுக்குள் வந்ததும் மறந்துவிடுகின்றனர். கரும்பலகையை விட்டு அவர்களை ஒரு மாமரத்தடிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். கிளை வீங்கிப் புடைத்த இடத்திலிருந்து செடி புறப்பட்டால் அது குருவிச்சை. வேரை மெல்லப் பெயர்த்தபோது பட்டை ஊறுபடாதிருந்தால் அது மேலொட்டி. அரை மணி நேரப் பாடம்.

விருந்தினராய் வருவோர் எல்லாரும் விருந்தினராகவே இருந்துவிடுவதில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. பனை மட்டையின் இடுக்கிலே பறவை இட்ட ஆலம்வித்து மேலொட்டியாகவே வாழ்வைத் தொடங்குகிறது. பின்னர் விழுதிறக்கி மண்ணைத் தொட்டதும் பனையை இறுகத் தழுவிக்கொள்கிறது. பனையும் ஆலும் பின்னி நிற்கும் அக்காட்சியை அறியாதார் யாழ்ப்பாணத்தில் உளரோ?

இக்காலத்தில் ‘காற்றுத் தாவரம்’ என்று விற்கப்படும் தில்லாந்திசியா அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. பெயரை நம்பி, காற்றே போதுமென்று நீர் விடாது காயவைப்போர் பலர். அதன் இலைகளிலுள்ள நுண்ணிய செதில்களே நீரை உறிஞ்சுவன. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் ஊறிய நமது கிணற்றுநீரிற் சுண்ணம் மிகுதி. அது காய்ந்து அச்செதில்களின்மேற் படிந்துவிடும். ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையை மூடிய பானையிற் சேமித்து வைத்தல் நன்று. வாரம் ஒருமுறை அந்நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, தலைகீழாகப் பிடித்து உதறி, காற்றோட்டத்திற் சில மணி நேரத்துள் உலரவிடுக. குருத்திடையே நீர் தேங்கினால் செடி அழுகிவிடும்.

வந்தாவைக் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் வேண்டா. நாற்றுமேடைகளில் வளர்த்தவற்றையே வாங்குக. மண்ணில் நடாது, பூவரசு போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரத்திலே, காலை வெயில் படும் பக்கத்திற் கயிற்றாற் கட்டுக. புதுவேர் பட்டையைப் பற்றியபின் கயிற்றை அவிழ்த்துவிடலாம். நீர் தெளிக்கும்போது வேரைப் பாருங்கள்: பச்சையாக மாறிவிட்டால் போதும், வெண்மையாகவே நின்றால் இன்னுஞ் சிறிது தெளிக்கவேண்டும்.