சோதனைக்கும் கூலி உண்டு

பழைய காரின் முகப்பில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியத் தொடங்கினால், நம்மில் பெரும்பாலோர் மெக்கானிக்கிடம் கேட்கும் முதற்கேள்வி, "எந்தச் சென்சாரை மாற்ற வேண்டும்?" என்பதே. "இதுதான் பழுது என்று எவ்வாறு உறுதி செய்தீர்கள்?" என்று கேட்போர் மிகச் சிலர். இவ்விரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கமும், அதற்குரிய விடைக்குக் கூலி கொடுக்கும் மனமும் நமக்கு வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ராஷ்டிரபதி நிலையம் அமைந்துள்ள போலாரமும் அதையொட்டிய அல்வால், திருமலகிரிப் பகுதிகளும் படைக்குடியிருப்பைச் சார்ந்து வளர்ந்தவை. பணி ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல உண்டு. அவ்வீடுகளில் பத்து, பதினைந்து வயதைக் கடந்த கார் ஒன்று மரநிழலில் நிற்பது வழக்கமான காட்சி. வாரத்திற்கு ஓரிரு முறையே அது வெளியே வரும். ஆயினும், நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். எனவே அவ்வண்டியின் பழுது, ஓய்வூதியத்தை மட்டுமன்றி மன அமைதியையும் தொடுகிறது.

1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 கார்புரேட்டரைக் கொண்டு ஓடியது. மெக்கானிக்கின் காதும் கையுமே அதற்குப் போதுமாயிருந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகியபோது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் முறை பரவலாயிற்று. அதனுடன் சென்சார்களும் வந்தன. குளிர்நீரின் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம், கிராங்க் தண்டின் சுழற்சி, புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து அவை கணினிக்குச் சொல்கின்றன. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி நடைமுறைக்கு வந்த 13 நகரங்களுள் ஹைதராபாத்தும் ஒன்று. அவ்விதியுடன், பழுதைத் தானே கண்டு குறியீடாகப் பதியும் ஏற்பாடும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் தயாரிப்பாளரின் தனி முறையே உண்டு; மலிவான ஸ்கேனர்களுக்கு அது புரிவதில்லை.

குறியீடு எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நம் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமான ஓர் உவமை கூறலாம். காசோலை திரும்பி வரும்போது "போதிய இருப்பில்லை" என்ற குறிப்பு உடன் வரும். இருப்பு ஏன் குறைந்தது என்பதைக் கணக்கு விவரத்தைப் புரட்டினால்தான் அறியலாம். என்ஜின் குறியீடும் அத்தகையதே.

பி 0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எரியும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்பது அதன் பொருள். இதைக் கண்டவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவோர் உண்டு. ஆனால், வெடித்த ரப்பர் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தாலும், பெட்ரோல் பம்பின் அழுத்தம் தளர்ந்தாலும் இதே குறியீடு தோன்றும். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. புதிதாகப் பொருத்தியதும் அதையே சொல்லும். சில நாளில் விளக்கு மீண்டும் எரியும். ஆக்சிஜன் சென்சாரைச் சோதிப்பதும் கடினமன்று. சூடேறிய என்ஜினில், பழைய வண்டிகளில் காணப்படும் சாதாரண வகை சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைந்து ஏறியிறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ, மிக மெதுவாக நகர்ந்தாலோ மட்டுமே அதன் மீது ஐயம் கொள்ளலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, வெப்ப சென்சார். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் ஸ்கேனரைப் பொருத்தினால், குளிர்நீரின் வெப்பமும் வெளிக்காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாயிருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், போலாரத்தில் அத்தகைய குளிர் இல்லை என்பது எவருக்கும் தெரியும். எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்கும்போது அளவு மேலேறினால் ஒயர் நலம், சென்சாரே பழுது. ஏறாவிட்டால் ஒயரைத் தேட வேண்டும். அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயரும் பச்சை பூத்த கனெக்டரும் அடிக்கடி அகப்படும்.

சென்சார்கள் பழுதாவதே இல்லை என்று நாம் கூறவில்லை. சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் கிராங்க் சென்சார் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கக்கூடும். நெடுந்தூரம் ஓடிய ஆக்சிஜன் சென்சார் சோர்வதும் இயல்பே. அதைக் கவனியாமல் விட்டால் பெட்ரோல் வீணாவதுடன், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். மாற்ற வேண்டியதை மாற்றியே ஆக வேண்டும். சோதித்தபின் மாற்ற வேண்டும்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அவர் ஒரு மணி நேரம் ஒயர்களைத் தேடி, குழாய் ஒன்றைச் சரிசெய்து, கூலி கேட்டால், "பார்த்ததற்கே பணமா?" என்கிறோம். அதே நாம், சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மறுபேச்சின்றி வாங்குகிறோம். அறிவுக்கு விலை கொடுக்க மறுத்து, பொருளுக்கு மட்டும் விலை கொடுத்தால், பட்டறை பொருளைத்தான் விற்கும். இப்பழக்கத்தை மாற்றும் பொறுப்பு வாடிக்கையாளரிடமே தொடங்குகிறது.

பழுது பார்க்கக் கொடுக்கும்முன் நான்கு ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நலம். சோதனைக் கட்டணத்தைத் தனியாகப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். குறியீட்டையும், சோதனையில் கண்ட அளவுகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். புதிய சென்சாருக்குப் பாகத்தின் எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீது பெறுங்கள், ராணிகஞ்ச் கடைகளில் தேடினாலும் இவ்வெண் கைவசம் இருப்பது நல்லது. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணையும். பழுது அணையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கார் கடன் வழங்கும் வங்கியில் இருந்துகொண்டு இவ்வாறு எழுதலாமா என்று சிலர் வினவலாம். 5 லட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 9 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். மொத்த வட்டி 1.22 லட்சத்துக்கு மேல். தேவை அறிந்து அக்கடனைப் பெறுவது வேறு. ஒரு குழாயின் வெடிப்பைக் கண்டறியாமல், "இனி இவ்வண்டி தேறாது" என்று சலித்துப் பெறுவது வேறு. முன்னதையே நாம் வரவேற்கிறோம்.

பழைய வண்டியை எவ்விலை கொடுத்தும் காக்க வேண்டும் என்பதும் சரியன்று. அடித்தகடு துருப்பிடித்து, பாதுகாப்பு குன்றிய வண்டியைக் கைவிடுவதே முறை. பதினைந்து ஆண்டுகள் கடந்த கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்தையும் இயந்திர, மின் பழுதுகளையும் ஏற்பதில்லை. ஆகவே, மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தி வந்தால், ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாகவே 18,000 ரூபாய் வண்டிக்கென்று கையிருக்கும். முதற்செலவு அதிலிருந்து சோதனைக் கூலியாகச் செல்லட்டும். எஞ்சியதை எதற்குச் செலவிடுவது என்பதை அச்சோதனையே கூறும்.