குரலுக்கா புகழ், வெள்ளைச் சேலைக்கா?

புளியஞ்சோலை முதலிய கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில், விழாக்காலத்தில் ஒலிபெருக்கியிலே கே. பி. சுந்தராம்பாள் குரல் கேட்டால், பெரியவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. “எப்பேர்ப்பட்ட பத்தினி! புருஷன் போனபின் கடைசிவரை வெள்ளைச் சேலைதான்” என்பதே அது. பாட்டைக் கேட்டுக்கொண்டே பாடியவளின் சேலையைப் புகழும் இந்த யோக்கியதையைப் பற்றித்தான் நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அம்மையார் 1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அந்தக் குரல்தான் அவரை நாடகமேடைக்குக் கொண்டுபோயிற்று. எந்தச் சாமி வந்து கைதூக்கிவிட்டது? எந்த ஜாதி, எந்தக் குலம் உதவியது? தொண்டையும் உழைப்புமே உதவின.

1927-ல் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பாவுக்கு முன்னமே ஒரு மனைவி உண்டு. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர், 1980-ல் இறக்கும்வரை 47 வருஷ காலம் அப்படியே இருந்தார்.

அது அவர் மனம். அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஊராரைக் கேட்கிறோம்: ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணந்த ஆண்பிள்ளையின் கற்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசியதுண்டா? பெண்டாட்டி செத்தால் வெள்ளை வேட்டியோடு தனித்திருக்கும்படி எந்தப் புருஷனுக்காவது உபதேசம் செய்ததுண்டா? விதவை மறுமணத்துக்குச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடும் அதை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. சட்டம் வந்தும், தீர்மானம் வந்தும், 25 வயதுப் பெண்ணின் துக்கத்தை ஊருக்கு இலட்சணமாக்குவது நின்றபாடில்லை.

அன்றியும், அந்த வெள்ளைச் சேலைக்குள் இருந்தவர் செய்தது என்ன? 1935-ல் ஆண் வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய் என்பது அக்காலத்தில் நாடே பேசிய செய்தி. 1953-ல் ஔவையாராக நடித்தார். சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 60 வயதுக்குப் பின்னும் பாடி, ‘துணைவன்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். விதவை மூலையில் உட்காரவேண்டும் என்ற சாஸ்திரத்தை, வாயால் மறுக்காமல், வாழ்ந்தே மறுத்தவர் அவர்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். தெருவில் பாடிக் காசு சேர்த்து வளர்ந்த கருப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித். ‘புளூஸ்’ என்னும் துயரப் பாட்டில் அவருக்கு நிகரில்லை என்றார்கள். இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. ஆனால் 1937-ல் அவர் இறந்தபின் 1970 வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. அங்கே பாடகியை மறந்தார்கள். இங்கே பாடகியை மறந்து விதவையை நினைக்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். ஆனால் சேலையிலிருந்து தொடங்காதீர்கள். ரயிலில் பாடிய சிறுமியிலிருந்து தொடங்குங்கள். பெண்ணுக்குச் சொந்தச் சம்பாத்தியமும் சொந்தத் திறமையும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி. துக்கம் அவருடையது, அதை நம் பெண்களுக்குச் சட்டமாக்க வேண்டாம்.