மாப்ளையின் வாட்டர் சர்வீஸ்

போன வாரம் அக்கா மகன் தோட்டத்துக்கு வந்தான். "மாமா, ரோட்டோரம் நம்ம இடம் சும்மாதானே கிடக்கு. ஒரு ஷெட் போட்டு வாட்டர் சர்வீஸ் வைக்கலாம்னு இருக்கேன்" என்றான். டவுனில் நீங்கள் பைக் கழுவ விடுகிறீர்களே, அதே கடைதான்.

யோசனை நல்லதுதான். இப்போ எங்கள் ஊரில் வீட்டுக்கு ரெண்டு பைக். டிராக்டர், பால் வண்டி வேறு. கழுவ 8 கிலோமீட்டர் போகணும். படிச்சிட்டு வண்டி கழுவறதான்னு அக்காவுக்கு மனசில்லை. சாணி அள்ளுகிற குடும்பத்துக்கு இதில் என்ன வெட்கம்?

நோட்டைக் காட்டினான். பம்பு, மோட்டார், ஷெட், எல்லாத்துக்கும் விலை எழுதியிருந்தான். தண்ணிக்கும் கரண்டுக்கும் மட்டும் சைபர். "நம்ம போர் இருக்கே மாமா, ஃப்ரீ கரண்ட்தானே?"

அங்கேதான் மறித்தேன். அது பயிருக்குக் கொடுத்த கரண்ட். கடைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவில் ரெண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. விவசாயிக்கு எல்லாம் இலவசம்னு டவுனில் ஏற்கெனவே பேசுகிறீர்கள் (கோபிக்காதீங்க, பேசுறீங்கதான்). நாங்களே அதில் கார் கழுவினால் என்ன பதில் சொல்ல? தண்ணியும் சும்மா வருவதில்லை. போர் 900 அடி. சித்திரையில் தென்னைக்கே முறை வைத்துத்தான் விடுகிறோம்.

பிரஷர் கன், வெறும் ஓஸை விடக் குறைவாகத்தான் குடிக்கும், ஒத்துக்கறேன். சின்ன மெஷின் என்றால் நிமிஷத்துக்கு 6, 8 லிட்டர். ஆனால் கழுவின தண்ணியில் ஆயிலும் கிரீஸும் வருமே. அது பள்ளத்தில் இறங்கினால் கீழ்க்காட்டு மாடு குடிக்கும். "கடைக்குன்னு தனி சர்வீஸ் வாங்கு. மண் படிய ஒரு தொட்டி, ஆயில் மிதக்க ஒரு தொட்டி கட்டு. அப்புறம் கணக்குப் போடு" என்றேன்.

போட்டான். லாபம் பாதியாச்சு. ரெண்டு நாள் பேசவில்லை.

நேத்து ராத்திரி போன். "மாமா, கோழிப்பண்ணைல ஒவ்வொரு பேட்ச் போனதும் ஷெட்டைக் கழுவுறாங்கல்ல? மெஷினைத் தூக்கிட்டுப் போய் நானே கழுவிக் கொடுத்தா?"

எப்படியும் அவர்கள் கழுவியே ஆகணும். ஓஸில் ஊத்துவதைவிட இதில் தண்ணி மிச்சம். இதுக்குன்னா ஜாமீன் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.