பழைய பெட்டியும் புதிய பூட்டும்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

“ஏய்யா, கவர்மென்ட் குடுத்த பொட்டிதான? கவர்மென்ட் வேலைக்கே தொறக்க மாட்டேங்குதே!”

அம்மா இப்படிக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. பெரியப்பா மகன் 2012-இல் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற விலையில்லா மடிக்கணினி அது. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, பெட்டி திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று திரை மறிக்கிறது!

முதற்காரணம், நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி. அது செத்துப்போனதால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது. இணையத் தளம் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டல்லவா? இவ்வாண்டுச் சான்றிதழை ‘இன்னும் பிறக்கவில்லை’ என்று தள்ளிவிடுகிறது கணினி. தேதியைத் திருத்தினேன், சில தளங்கள் திறந்தன. மற்றவை அசையவில்லை.

சான்றிதழ் வழங்கியவரை நம்பலாமா என்று பார்க்க, கணினிக்குள் ‘வேர்ச்சான்றிதழ்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. புதுப்பிக்காவிட்டால் அதுவும் கிழடாகிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்னும் வேர்ச்சான்றிதழ் காலாவதியானபோது, உலகெங்கும் பழைய கருவிகள் பல தடுமாறின. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவோ 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது.

“எச்சரிக்கையைத் தாண்டிப் போடா” என்றான் நண்பன். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் எழுதும் இடத்தில், எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாமலா? நான் போகவில்லை. செல்போனில் செய்யலாமே என்பீர்கள். வீட்டிலுள்ள ஒரே செல்போன் அப்பாவோடு விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடும். ஒருநாள் வகுப்பை விட்டுவிட்டு, சேவை மையத்தில் வரிசையில் நின்றேன்.

பூட்டைக் கழற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூட்டு வேண்டும். ஆனால், மாணவருக்கான தளங்களை நடத்துவோர், பூட்டை மாற்றுமுன் ஒரு பழைய பெட்டியிலும் திறந்து பார்க்கலாகாதா? நம் கல்லூரியிலேயே இத்தகைய பெட்டி எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறதோ! கணினித் துறைப் பேராசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு மாலை ஆய்வகத்தைத் திறந்துவிட்டால், பேட்டரியை மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் புதிய பதிப்பை நாங்களே ஏற்றிக்கொள்வோம். ஃபயர்பாக்ஸ் உலாவி தனக்கான வேர்ச்சான்றிதழ்களைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது, அதுவும் இலவசம்தான்.

முதலில் எங்கள் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவருகிறேன். பேட்டரிக் காசும் என்னுடையதே.