தலைவரைத் தனியே விடலாமா?

நம் ஊர்களில் அம்பேத்கர் மன்றம் தொடங்கினால் தலைவரைத் தேர்ந்தெடுத்து மாலை போடுகிறோம். சுடுகாட்டுப் பாதை கேட்டு அவர் மனு கொடுத்தால், சில நாளில் அவர் மீதே ஒரு வழக்கு வருகிறது. அன்று காவல் நிலையத்துக்கு அவர் தனியாகத்தான் போகிறார். நாம் வேலைக்குப் போய்விடுகிறோம்.

அண்ணலும் தனி ஆளாக நின்றவர் அல்லர். 1920இல் அவர் ‘மூக்நாயக்’ இதழ் தொடங்க கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அதே ஆண்டு மாண்காவ் மாநாட்டுக்கு நேரில் வந்து, இவரே உங்கள் தலைவர் என்று மக்களிடம் அறிவித்தார். 1927 மகாட் குளப் போராட்டத்தில் அவ்வூர் நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் திப்னிஸ் துணை நின்றார்.

நம் தலைவர்களுக்கும் அப்படி நாலு பேர் வேண்டும். மனு எழுதித் தர, வரவு செலவு பார்க்க, தவறினால் முகத்துக்கு நேரே சொல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர், சமூகப் பணியாளர், தொண்டு நிறுவனத்தின் உதவியைப் பெறுவதை உரிமையாகவே தருகிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் அதை வாசித்து மன்றத்தில் விளக்கலாம். அடுத்த முறை தலைவர் காவல் நிலையத்துக்குக் கிளம்பும்போது, ஒரு நாள் கூலி போனாலும் நாமும் கூடப் போவோம்.