பிஜியின் மணல் மலை

பிஜி என்றவுடன் நம்மவர்களுக்குக் கரும்புத் தோட்டம்தான் ஞாபகம் வரும். அந்தத் தோட்டத்தில் உழைத்த நம் பெண்களுக்காகப் பாரதியார் மனம் நொந்து பாடியதை யார் மறந்தார்கள்? ஆனால் இந்த வாரம் உங்களை அங்கே அழைத்துப் போவது கரும்பைக் காட்டுவதற்கு அல்ல, மணலைக் காட்டுவதற்கு.

உல்லாசக் கப்பலில் பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கப்பல் காலையில் லௌடோக்கா துறைமுகத்தில் வந்து நிற்கும். அல்லது டெனராவுக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி, படகில் கரை இறக்கும். மாலையில் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் பெரும்பாலோர் தென்னையும் வெண்மணலும் உள்ள ஒரு குட்டித் தீவுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருகிறார்கள். குற்றமில்லை. ஆனால் அப்படிப்பட்ட கரையை அந்தச் சமுத்திரத்தில் கப்பல் நிற்கிற இடமெல்லாம் பார்க்கலாமே! சிங்கடோக்கா மணற்குன்றுகளைப் பார்க்கச் சிங்கடோக்காவுக்குத்தான் போகவேண்டும்.

ஆங்கில எழுத்தில் இந்தப் பெயரைப் படித்தால் 'சிகடோகா' என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். பிஜி பாஷையில் 'ஜி' எழுத்துக்கு 'ங்' ஒலி. 'டி' எழுத்துக்கு 'ந்த்' ஒலி. பாதிரிமார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வகுத்த முறை அது. 'நடி' என்று எழுதியிருக்கும் ஊரின் பெயர் உண்மையில் 'நந்தி'. நம் நந்திகேசுவரருக்கும் அந்த ஊருக்கும் உறவு கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் சுப்பிரமணிய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார்! 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வம்சத்தார் கட்டிக் காக்கும் கோயில் அது. அவர்கள் போன கப்பலில் உல்லாசம் இல்லை.

நந்தியிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், சிங்கடோக்கா ஊர் வருவதற்குச் சற்று முன்னால் மணற்குன்றுகள் வந்துவிடும். 1989-ல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பிஜியின் முதல் தேசியப் பூங்கா இதுதான். பரப்பு சுமார் 650 ஹெக்டேர். சில குன்றுகள் 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய 200 அடி உயரம்! இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கும். 2016-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிஜி ரக்பி வீரர்கள் இதில்தான் ஓடி ஓடிக் கால்களை உரமாக்கிக்கொண்டார்களாம். நீங்கள் ஓட வேண்டாம். மெதுவாக ஏறுங்கள்.

இத்தனை மணல் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து சிங்கடோக்கா ஆறு மண்ணை அரித்துக் கொண்டுவந்து கடலில் கொட்டுகிறது. அலை அதைக் கரைக்குத் தள்ளுகிறது. தென்கிழக்குக் காற்று அதை வாரி உள்ளே குவிக்கிறது. ஆற்றோரக் காடுகளை மனிதர்கள் அழிக்க அழிக்க, மணலும் அதிகமாயிற்று. ஒரு சமயம் அது நெடுஞ்சாலை மேலேயே வந்துவிடும் போலிருந்தது. 1960-களில் மகாகனி மரங்களை நட்டுத் தடுத்தார்கள். இன்று குன்றுக்குப் போகிற பாதையில் உங்களுக்கு நிழல் தருவது அந்தத் தோப்புதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மணலுக்கு அடியில் ஊர்கள் இருந்திருக்கின்றன. மணல் சில காலம் நகராமல் நிற்கும். அதன்மேல் புல் முளைக்கும். ஜனங்கள் குடியேறுவார்கள், அடுப்பு மூட்டுவார்கள், பானை வனைவார்கள். பிறகு மணல் மீண்டும் கிளம்பி எல்லாவற்றையும் மூடும். இப்படி அடுக்கடுக்காக நடந்திருக்கிறது. மிகவும் அடியில் கிடைத்தவை லாபிட்டா என்ற வகைப் பானைகள். சுமார் 2,600 ஆண்டுப் பழமை உடையவை. பசுபதி காலத்துக் கதையல்ல, கையால் தொடக்கூடிய ஓடு! ஓர் இடுகாடும் அகப்பட்டது, வரிசையாக எலும்புக்கூடுகள்.

காற்று மணலை நகர்த்தும்போது இவை தாமாகவே வெளியே தலைகாட்டும். உங்கள் காலடியிலேயே ஒரு துண்டு கிடக்கலாம். குழந்தை ஓடிப்போய் எடுக்கும். "ஊருக்கு ஞாபகார்த்தமாக இருக்கட்டுமே" என்று உங்களுக்கும் ஆசை வரும். வேண்டாம்! அந்த ஓடு எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். கைப்பைக்குள் போனபின் அது வெறும் ஓட்டாஞ்சில்லு. எலும்பின் விஷயமோ கேட்கவே வேண்டாம். அது யாருடைய பாட்டனோ! ஒரு கப்பலில் இரண்டாயிரம் பேர் வருகிற காலம் இது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆகவே குறித்துவிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்தும் கொடிகளையும் மிதிக்காதீர்கள்.

உச்சியில் நின்று கடலைப் பார்த்தால் மற்ற இடங்களில் தெரியும் பவளப் பாறை வளையம் இங்கே தெரியாது. ஆற்றின் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடுவதில்லை. தடுப்பு இல்லாததால் அலை முழு வேகத்தோடு வந்து மோதும். அலைப் பலகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்குக் குளிக்க லாயக்கில்லை.

தண்ணீரும் தொப்பியும் அவசியம். கப்பல்காரர்களே நடத்தும் பஸ்ஸில் போனால், வழியில் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக டாக்ஸி பிடித்தால் அந்தத் தாட்சணியம் கிடையாது. கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும். நந்திக் கோயில் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. மணலை உதறி, காலை அலம்பிக்கொண்டு உள்ளே போங்கள்.